முள்வேலிக்குள் ஒரு காந்தான் புதர்

மலாயா அவசரகாலத்தில், ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது, நடந்தது இது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, தோட்டத்து மக்களை எல்லாம் ஒரே இடத்தில் குடிவைத்துச் சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வயதுக்காரர்கள் துப்பாக்கிச் சத்தத்தையும் ஊரடங்கையும் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு செடி.

காந்தான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தச் செடியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இஞ்சி வகை. இந்த மண்ணிலேயே ஆற்றோரங்களில் தானாக வளர்வது. இலைத்தண்டு ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். ஆனால் பூ அந்தத் தண்டில் பூக்காது. பக்கத்தில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு வெறும் காம்பு தனியாக எழும்பும். அதன் உச்சியில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு. அதை அரிந்து மலாய்க்காரர்கள் அசாம் பெடாஸ் மீன்குழம்பில் போடுவார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்போது யாரும் அதைச் சமைத்ததில்லை. காட்டுச் செடி என்று கண்டுகொள்ளாமல் போய்விடுவோம்.

நானும் அப்படிப் போனவள்தான், என் மகள் சாகிறவரைக்கும்.

என் தலைச்சன் பெண் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பால்குடி மாறாத பிள்ளைகளைப் பெரியவர்களின் இடுகாட்டில் வைக்காமல் ஆற்றோரத்தில் தனியாகப் புதைப்பது எங்கள் பழைய லயத்து வழக்கம். பெண்கள் கூடப் போகக் கூடாது. என் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. அவருடைய தம்பி, என் கொழுந்தன், குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்து வாசலில் நின்றவனிடம் எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டேன். ஆறு வளைகிற இடத்தில், காந்தான் புதருக்குக் கீழே என்றான்.

பிறகு என் நிரை அந்தப் பக்கமே அமைந்தது. நிரை என்றால் ஒரு ஆள் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசை. தினமும் பால் எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் புதரைப் பார்ப்பேன். நின்று அழுவதெல்லாம் இல்லை. பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். அது பூத்திருக்கும் நாள்களில் மனசு கொஞ்சம் லேசாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் லயத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாரும் தோட்டத்து ஆபீஸ் பக்கம் புதிதாகக் கட்டிய லயத்துக்குப் போக வேண்டும். ஆற்றுப் பக்கத்துத் தீம்பாரில், அதாவது அந்தப் பக்கத்து ரப்பர்க்காட்டில், ஆபத்து என்று அங்கே மரம் வெட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. லாரி வந்து நின்றது. ஜனங்கள் கோழிக்கூண்டையும் அம்மிக்கல்லையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். புதரின் ஓரமாகத் தோண்டி, முளை இருக்கிற கிழங்காகப் பார்த்து வெட்டி எடுத்துச் சாக்கில் கட்டினேன். திரும்பி வந்தபோது லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார்.  வாங்கி அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

புதிய லயம் இருந்த இடத்தில் மேல்மண்ணை எல்லாம் வழித்துத் தள்ளியிருந்தார்கள். செம்மண் பாறைபோல் கெட்டி. எங்களுக்குக் கிடைத்தது கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் முள்வேலி. வீட்டுக்குப் பின்னால்தான் கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்குச் சின்னக் கான் இருந்தது. ஈரம் இருக்கிற இடம், காந்தானுக்குத் தோது என்று அதன் ஓரத்தில் கிழங்கை நட்டேன். ரப்பர் இலைச் சருகை அள்ளி வந்து மேலே மூடினேன். கொஞ்ச நாளில் சிவப்பு கலந்த முளை ஒன்று குத்திக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

அங்கேதான் வந்தது வம்பு. வேலியை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வளரக் கூடாது என்பது சட்டம். யாராவது ஒளிந்துகொண்டு வேலிக்கு வெளியே அரிசியைத் தூக்கிப் போட்டால் தெரியாது என்பார்கள். இதைச் சொல்ல வந்தது வேறு யாருமில்லை, என் கொழுந்தன்தான். அவன் அதற்குள் ஒரு போலீஸ் சார்ஜனுக்குக் கீழே ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்திருந்தான். காக்கி உடுப்பும் துப்பாக்கியுமாக, எனக்கே அடையாளம் தெரியாத மிடுக்கோடு வந்து நின்றான்.

"அண்ணி, இது வளர்ந்துச்சுன்னா சார்ஜன் என்னையதான் ஏசுவாரு. புடுங்கிப் போட்ருங்க."

"புடுங்க மாட்டேன். ஒங்க சார்ஜனுக்குச் செடின்னா என்னா பயமா?"

"வெளையாடாதீங்க அண்ணி. வேலியோரத்துல ஆள் மறையிற மாதிரி எதுவும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"ஆளு மறையிற அளவுக்கு வளரட்டும், அப்ப வா. ஒன்னையே ஒளிச்சு வச்சுப் பாக்குறேன்."

அவன் சிரிக்காமல் போனான். ஆனால் சொன்னதைச் செய்துவிட்டான். நான் மரம் வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, இடுப்பு உயரம் வந்திருந்த தண்டுகளைப் பாராங் கத்தியால் தரையோடு சீவிவிட்டான். திரும்பி வந்து பார்த்தேன். வெட்டிய இடத்தில் இஞ்சி வாசம். அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, அன்றைக்கு நான் சோறு போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அவன் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உடுப்போடு விறைப்பாக வெளியே போனான்.

செடி என்னைவிடப் பிடிவாதக்காரி. வெட்டிய அடியிலிருந்து கொஞ்ச நாளில் மறுபடியும் சிவப்பு முளை எட்டிப் பார்த்தது. மறுபடியும் வளர்ந்தது, மறுபடியும் வெட்டினான். இப்படி எத்தனை தடவை நடந்தது என்று நான் எண்ணவில்லை. அந்த முளையின் நிறம், அது மண்ணை விலக்கிக்கொண்டு வரும் விதம், சுருண்டிருக்கும் முதல் இலையின் அடிப்பக்கத்துச் சிவப்பு எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் பூக்காம்பு மட்டும் வரவே இல்லை. இலை நிறைய விட்டு, கிழங்கு கொழுத்தால்தான் அது பூக்கும். இலையையே விடவில்லை என்றால் எங்கேயிருந்து பூப்பது? செடி சாகாது, பூக்கவும் பூக்காது. நான் இருந்த நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, வேலிதானே பிரச்சினை, வாசலுக்குக் கொண்டுபோகிறேன் என்று முடிவு செய்தேன். வாசல் பக்கம் வேலியிலிருந்து தள்ளி இருந்தது. அங்கே செடி எவ்வளவு வளர்ந்தாலும் யாரும் கேட்க முடியாது. ஆனால் அங்கே நிழலும் இல்லை, ஈரமும் இல்லை. மண்வெட்டி போட்டால் பொறி பறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொத்துவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டது.

"வாசல்ல துளசி வைப்பாங்க, செவ்வந்தி வைப்பாங்க. இதென்னாடியம்மா, காட்டுப் பொதர? பாம்பு வந்து குடியிருக்கும் லா."

"வந்தா வரட்டும்கா. அதுக்கும் ஒரு வாடக சொல்லிருவோம்."

வாயால் விளையாடினேனே தவிர, உள்ளே வைராக்கியம் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டிய பள்ளத்தில் சருகும் சாம்பலும் ஆட்டுச் சாணமும் போட்டு நிரப்பி, கானோரத்துக் கிழங்கைப் பெயர்த்து வந்து நட்டேன். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். வெயில் தாங்குவதற்குச் சாக்கைக் கிழித்துப் பந்தல் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் பின்பக்கத்துக் கானிலிருந்து வாசலுக்குச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பற்றி எங்கள் இருவருக்குள் அதுவரை ஒரு வார்த்தை பேச்சு நடந்ததில்லை. அன்றைக்கும் நடக்கவில்லை. தண்ணீர் மட்டும் வாசலுக்கு வந்தது.

மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்று வந்தது. புதர் கூரையைத் தொட்டது. பாம்பு வரவில்லை. அந்த அக்காவே பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து பேன் பார்த்தது. ஒரு நாள் காலையில் பெருக்கும்போது, தண்டுகளுக்கு வெளியே தள்ளி, தரையில் ஒரு கூர்மையான காம்பு நிற்பதைப் பார்த்தேன். இலை இல்லை. பூக்காம்பு. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காம்பில் மொட்டு வைத்த சமயத்தில்தான் பெரட்டில் கங்காணி ஒரு செய்தி சொன்னார். பெரட்டு என்பது விடியும்போது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். ஆற்றுப் பக்கத்துத் தீம்பாரைத் திரும்பவும் திறக்கிறார்கள், காவலோடு போய் வெட்ட வேண்டும், கொஞ்ச காலத்துக்கு நம் கும்பல் அங்கே போகும் என்றார். மற்ற பெண்கள் பயத்தில் முனகினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வாசலில் பூத்ததை என் மகளுக்குக் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். அதற்குமேல் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

முதல் நாள் காலையில் மொட்டைப் பறித்தேன். ஏன் மொட்டாகப் பறித்தேன் என்று இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல்லிகையை மொட்டாகத்தானே பறிப்போம். தலையில் வைத்தபிறகு, சாமிக்குப் போட்டபிறகு அது விரியும். காந்தானும் அப்படித்தான் போகிற இடத்தில் போய் விரியும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய துணியில் சுற்றி இடுப்பில் செருகினேன்.

வேலிக் கேட்டில் பெண்களைச் சோதிக்கத் தனிக் கொட்டகை. அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கெட்டவள் இல்லை. பிள்ளை பெற்றவளைத் தடவும்போது கை பதமாக இருக்கும். அவள் கை என் இடுப்பில் நின்றது. துணியை எடுத்துப் பிரித்தாள். முகம் மாறியது.

"இனி அப்பா, காக்?" இது என்ன, அக்கா என்று கேட்டாள்.

"புங்கா," என்றேன். பூ.

அவள் தலையை ஆட்டினாள். இது சாப்பிடுகிற சாமான், நீ மறைத்து எடுத்துப் போகிறாய் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அது பூ. அவளுக்கு அது அடுப்படிச் சாமான். ஒரு பிடி சோற்றை வெளியே கொண்டுபோனவர்களையே லாரியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. அப்படிப் போனவர்களில் சிலர் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சார்ஜன் வந்தார். மொட்டை வாங்கி நகத்தால் கீறி முகர்ந்தார். காட்டில் யாருக்குக் குழம்பு வைக்கக் கொண்டுபோகிறாய் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் வாங்குகிற மலாய். சாமி, பிள்ளை, பூ என்று என்னவோ உளறினேன். பிள்ளை எங்கே என்றார். மண்ணைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. இடுப்பில் ஒளித்துவைத்துக்கொண்டு போனவளை யார்தான் நம்புவார்கள்? மற்றவர்கள் எல்லாம் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.  கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் பிள்ளைக்குப் பூ வைக்கப் போனேன், இதில் நான் எதற்குத் தலைகுனிய வேண்டும் என்ற கோபம்தான் இருந்தது.

கேட்டில் துப்பாக்கியோடு நின்றவன் என் கொழுந்தன். அவன் என்னை அண்ணி என்று காட்டிக்கொண்டால் அவன் வேலைக்கும் ஆபத்து. அண்ணி மூலமாகக் கேட்டில் சாமான் கடத்துகிறான் என்று ஒரு வார்த்தை போதும். அவன் பார்வை வேறு பக்கம் இருந்தது. சரி, இவனும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவன் மெதுவாக முன்னால் வந்தான். சார்ஜனுக்கு சலாம் அடித்தான்.

"இத்து அனாக் அபாங் சாயா, துவான்," என்றான். அது என் அண்ணன் பிள்ளை, ஐயா. பிறகு, "சாயா யாங் காலி," என்றான். நான்தான் குழி தோண்டினேன். அதைச் சொல்லும்போது குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்ட அதே தோளை அவன் கை தொட்டது. அவனுக்கே அது தெரிந்திருக்காது. 

சார்ஜன் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்காகச் சட்டத்தை மாற்ற முடியாது, இது சாப்பாட்டுச் சாமான், வெளியே போகாது என்று சொல்லி மொட்டைத் தன் மேசையில் வைத்துவிட்டார். ஆனால் லாரியைக் கூப்பிடவில்லை. போய் வேலையைப் பார் என்றார்.

நான் மரம் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அந்தச் சோதனைக்காரப் பெண் பின்னாலேயே வந்தாள். மலாயும் கைச்சாடையுமாக எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மொட்டைத்தான் சமைப்பார்கள். மலர்ந்துவிட்டால் நார் ஏறிவிடும், யாரும் சீண்ட மாட்டார்கள். பறித்த மொட்டு ஒருநாளும் விரியாது. "செடியிலேயே விடு காக். மலரட்டும். மலர்ந்தால் அது பூதான். பூவை நான் பிடிக்க மாட்டேன்," என்றாள்.

அன்றைக்கு ஆற்றுப் பக்கம் என் நிரைக்கு வெறுங்கையோடு போனேன். ஆறு வளைகிற இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.  பழைய லயம் இல்லை. ஆற்றோரத்துச் செடிகொடி எல்லாவற்றையும் வெட்டி எரித்திருந்தார்கள். மேலே லாலான் புல் மண்டிக் கிடந்தது. காந்தான் புதர் எங்கே நின்றது என்றே தெரியவில்லை. தீம்பாருக்குள் நிரையை விட்டு விலகிப்போய்த் தேடவும் காவலர்கள் விடவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது புதரின் மறுபக்கத்தில் இன்னொரு காம்பு எழும்பியிருந்தது. அதை நான் தொடவே இல்லை. எனக்கு இருந்த ஒரே பயம், அது மலர்வதற்குள் எங்கள் கும்பலை வேறு தீம்பாருக்கு மாற்றிவிடுவார்களோ என்பதுதான். தினமும் பெரட்டில் கங்காணியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால் மொட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கோழி கொத்தக் கூடாது என்று சுற்றிலும் குச்சி நட்டேன். பறித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டேன். காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்று அப்போதுதான் தெரிந்தது, அதுவும் மரம் வெட்டுவதைவிடக் கடினமான வேலை.

ஒரு காலையில் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளி இதழ்கள் தட்டுப்போல விரிந்து கீழே மடங்கியிருந்தன. நடுவில் இன்னும் குவிந்து, அடியிலிருந்து நுனிவரை சிவப்பு. காம்போடு அறுத்தேன்.

இந்தத் தடவை இடுப்பில் செருகவில்லை. துணியிலும் சுற்றவில்லை. எல்லாரும் பார்க்கக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோதனைக்காரப் பெண் வழக்கம்போல என் உடம்பைத் தடவிப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். சத்தமாக, கேட்டில் நின்ற சார்ஜனுக்குக் கேட்கிற மாதிரி, "புங்கா," என்றாள். சார்ஜன் கையை அசைத்தார்.

அன்றைக்குக் காவலுக்கு வந்தவர்களில் கொழுந்தனும் இருந்தான். பால் எடுக்கும் நேரத்தில் அவனே என் பக்கம் வந்து, "வாங்க அண்ணி, சீக்கிரம்," என்றான். இருவரும் ஆற்று வளைவுக்கு இறங்கினோம். அவன் ஒரு இடத்தில் நின்றான். பிறகு இன்னொரு இடத்துக்குப் போனான். குழி தோண்டியவனுக்கே தெரியவில்லை. அடையாளத்துக்கு இருந்தது புதர் ஒன்றுதான், அதுவும் எரிந்துபோயிருந்தது.

"அண்ணி, எனக்கு எடம் புரியல," என்றான். 

நான் பூவை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். லாலானை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். புல் கையைக் கிழித்தது. எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் வெட்ட வெட்டத்தானே நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகினேன். கரியும் சாம்பலும் கலந்த மண்ணில், புல்லுக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு முளை நின்றது. பக்கத்தில் இன்னொன்று. சுருண்ட இலையைக் கிள்ளி முகர்ந்தேன். இஞ்சி வாசம்.

"இங்கதான்," என்றேன்.

அவன் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டான். இடுப்பிலிருந்து பாராங்கை உருவினான். என் செடியை அத்தனை தடவை வெட்டிய அதே பாராங். முளை அடிபடாமல் சுற்றியிருந்த லாலானை ஒவ்வொரு கொத்தாக அறுத்தான். நான் அந்த இடத்தில் பூவை வைத்தேன். அங்கேதான், அவளைப் புதைத்தபிறகு முதல் தடவையாக, நான் வாய்விட்டு அழுதேன். அவனும் திரும்பி நின்று அழுதான். பால் உறைந்துவிடும் என்று கங்காணி கத்துவது கேட்கும்வரை அங்கேயே இருந்தோம்.

அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டேன். அவன் தட்டைப் பார்த்து, "ரொம்ப இருக்கு அண்ணி," என்றான். தின்னு என்றேன்.

பிறகு முள்வேலியைப் பிரித்தார்கள். எங்களுக்கு இன்னும் பிள்ளைகள் பிறந்தார்கள். தோட்டத்தை விட்டு ஜாசின் டவுனுக்குக் குடிவந்தோம். கிழங்கும் சாக்கில் கூடவே வந்தது. இப்போது என் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் அது கூரையைத் தாண்டி நிற்கிறது. அக்கம்பக்கத்து மலாய்க்காரப் பெண்கள் அசாம் பெடாசுக்கு மொட்டுக் கேட்டு வருவார்கள். என் பேத்திகூட லக்சாவில் போடுகிறாள். கேட்டவர்களுக்கு நானே அறுத்துக் கொடுப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மொட்டை மட்டும் விட்டுவிடுவேன். எவ்வளவு கேட்டாலும் தர மாட்டேன். அது செடியிலேயே இருந்து மலர வேண்டும். மலர்ந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு எந்த வேலியையும் தாண்டி என் மகளிடம் போகலாம் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.